மூன்றாவது தையலிலிருந்து

நாற்பது எம்ப்ராய்டரி மெஷினும் ஒரே காலையில் புத்தி பிசகித் தைத்த செய்தியை ஈயக்காதான் கொண்டுவந்தாள். சின்னவள் அப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் முகம் காட்டியிருந்தது. வீட்டிலிருந்த ஈரத்துணி அத்தனையும் ஒரே கொடியில் இடம் கேட்டு நின்றது. மூன்று மாடி ஏறி வந்த ஈயக்கா மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"அடியே, கப்பலைத் தைக்கச் சொன்னா கந்தலைத் தைக்குதுடி! ஒண்ணு ரெண்டு இல்ல, நாப்பதும்! பாய்மரம் தண்ணிக்குள்ள கெடக்கு, அலை ஆகாசத்துல நிக்குது. ஊசி ஒடஞ்சு தெறிக்குது. அந்த முதலாளியம்மா போட்ட சத்தத்துல மெஷின் ஓட்டுற பொண்ணுங்கல்லாம் வெளிய ஓடிட்டாங்க."

"மெஷின்ல இருக்கிறது யாரு போர்டு?" என்று சின்னவள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"யாரு போர்டா? நம்ம போர்டுதான். உங்கண்ணன் கம்பெனி போர்டு."

ஈயக்காவுக்கு வேறு பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. போர்டில் சிப்புகளை வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைப்பது அவள் வேலை. பதினேழு வருஷம் அதையே குனிந்து பார்த்ததில், கண் இரண்டும் கண்ணாடிக்குப் பின்னால் சிறுத்துப்போயிருந்தன. சின்னவளுக்கும் நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஆனால் அண்ணன் பெரியவனாக இருக்கும்வரை அவள் சின்னவள்தானே. கல்யாணம் ஆகி வந்த வீட்டிலும் அந்தப் பெயர் அவளை விடாமல் கூடவே வந்துவிட்டது.

அவள் கடைசிச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"மொத ரெண்டு தையல் மட்டும் சரியா விழுந்துச்சாக்கா?"

ஈயக்கா திருதிருவென்று விழித்தாள். "ஆமா. மொத ரெண்டு ஒழுங்கா விழுது. மூணாவதுலேர்ந்துதான் கிறுக்குப் பிடிக்குது. அதை உனக்கு யாரு சொன்னா?"

சின்னவள் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையிலிருந்த துணிக்கவ்விகள் கீழே கொட்டின. எட்டு மாதமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததன்மேல் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"இதுல சிரிக்க என்னடி இருக்கு?" என்றாள் ஈயக்கா. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "பன்னெண்டு பேரு வேலை இதுல தொங்குது. இந்த நாப்பது சரியா ஓடினாத்தான் அடுத்த முந்நூறு போர்டு நமக்குன்னு அந்தம்மா சொல்லியிருக்கு."

"ஒண்ணுமில்லக்கா. வா, டீ போடறேன்."

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் இந்தச் சிரிப்பு புரியும்.

அந்த போர்டைச் சின்னவள்தான் போட்டாள். பதினொரு மாதம், படுக்கையில் கிடந்த அம்மாவின் அறையில், மருந்து பாட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு அந்த மேஜையிலேயே போட்டாள். எம்ப்ராய்டரி மெஷினை ஆட்டிவைக்கிற மைக்ரோகன்ட்ரோலருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ஞாபகசக்தி உண்டு. ஒரு பூவுக்கு அது போதும். பாய், கயிறு, கொடி எல்லாம் உள்ள கப்பலுக்குப் போதாது. அதனால் வெளியே ஒரு மெமரி சிப்பை வைத்து, இரண்டுக்கும் நடுவில் லைன் இழுக்க வேண்டும். எந்த அறை என்று கேட்க அட்ரஸ் லைன் பத்தொன்பது. அந்த அறையில் இருப்பதை வாங்கிவர டேட்டா லைன் எட்டு. விழித்துக்கொள், எடு, வை என்று அதட்ட இன்னும் மூன்று. இந்த வகை மெமரிக்குக் கடிகாரம் கிடையாது. கேள்வியை வைத்துவிட்டு, அது தேடி எடுத்து நீட்டும்வரை கன்ட்ரோலர் பேசாமல் நிற்க வேண்டும். எத்தனை துடிப்பு நேரம் நிற்க வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதைத் தொழிலில் வெயிட் என்பார்கள். குறைத்துச் சொல்லிவிட்டால் பாதி பதிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும்.

எல்லா லைனும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஏழு அட்ரஸ் லைன் மட்டும் ஒன்றின் குறுக்கே ஒன்று விழுந்து வழிமறித்தன. மூன்று நாள் மல்லுக்கட்டிப் பார்த்தாள். நான்காம் நாள் மத்தியானம், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், எந்த லைனுக்கு மெமரி சிப்பின் எந்தக் கால் பக்கத்தில் இருக்கிறதோ அதிலேயே சேர்த்துவிட்டாள். மூன்றாம் நம்பர் லைன் ஏழாம் நம்பர் காலுக்குப் போனது, ஏழு ஒன்பதுக்குப் போனது, இப்படியே ஏழும் இடம் மாறின. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம்தான். வரைபடத்தில் அதைத் திருத்தி எழுத வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அம்மா கூப்பிட்டாள். அப்புறம் அது மறந்துபோயிற்று.

அவள் வீட்டுக்காரர் டயர் கடையில் வேலை பார்க்கிறவர். அவருக்குக்கூட அவள் அதை விளக்கியிருக்கிறாள்.

"நம்பர் மாறிப்போனா தப்பாயிடாதா?" என்று கேட்டார் அவர்.

"நீங்க கடை ராக்குல டயரை எப்படி அடுக்குவீங்க?"

"எனக்குத் தோதான மாதிரி. மூணாம் தட்டுன்னு எழுதியிருக்கிற இடத்துல பஸ் டயரு கெடக்கும், அஞ்சாம் தட்டுல காரு டயரு."

"எடுக்கும்போது தடுமாறுவீங்களா?"

"நான் வெச்சதை நான் எடுக்கறேன். எதுக்குத் தடுமாறணும்?"

"அவ்வளவுதான். எழுதறதும் அந்தக் கன்ட்ரோலர்தான், படிக்கிறதும் அதேதான். போட்ட இடத்துலேயே போய் எடுத்துக்கும். வெளியாளு யாராவது வந்து தட்டு நம்பரைப் பார்த்து அடுக்கினாத்தான் வம்பு."

"ஒரு தடவை மேனேஜர் அப்படித்தான் அடுக்கித் தொலைச்சாரு" என்று சொல்லி அவர் நினைத்து நினைத்துச் சிரித்தார்.

போர்டு ஓடியது. முதல் மெஷினில் கப்பல் அச்சுப் பிசகாமல் வந்தது. சின்னவள் போர்டின் மூலையில், செம்பிலேயே, தன் பெயரின் இரண்டு எழுத்தைப் பொடியாகப் போட்டிருந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அம்மாவிடம் காட்டினாள். அம்மாவுக்குக் கண் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பத்து நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மூன்றாவது வாரம், எம்ப்ராய்டரி கம்பெனி முதலாளியம்மா போர்டைப் பார்க்க வந்தாள். அண்ணனின் பட்டறை ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. நல்ல நாற்காலிகள் நான்கை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார்கள். சின்னவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு, என்னென்ன கேட்பார்கள் என்று நினைத்து நினைத்துப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். போனால், சுவரில் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தவன் அண்ணியின் தம்பி. எதைச் சொன்னாலும் ஸ்லைடு போட்டுச் சொல்கிறவன் என்பதால் பட்டறையில் அவன் பெயரே ஸ்லைடுதான். சுவரில் அவளுடைய போர்டு ஆளுயரத்துக்குத் தெரிந்தது. மூலையில் இருந்த இரண்டு எழுத்து அவனுடையது.

முதலாளியம்மா அவளைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றாள்.

அண்ணன் சிரித்தான். "என் தங்கச்சிங்க. கூடமாட ஒத்தாசைக்கு இருக்கு." பிறகு அவளிடம் திரும்பி, "எல்லாருக்கும் டீ சொல்லிடும்மா" என்றான்.

அவள் டீ சொன்னாள். அதுதான் இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை. அந்த இடத்திலிருந்து காலைத் தூக்கி வைத்து, படியிறங்கிப் போய் ஏழு டீ என்று விரலை விரித்துச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அவள் உட்கார்ந்த இடத்தில் ஸ்லைடு உட்கார்ந்தான். "நீயும் அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் களைச்சுட்ட, வீட்ல இருந்து ரெஸ்ட் எடு" என்று அண்ணன் பாசமாகச் சொல்லி அனுப்பினான். சண்டை போட்டு அனுப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஒத்தாசை. பாத்திரம் துலக்கும்போது அந்தச் சொல் வரும். பஸ்ஸில் உட்கார்ந்தால் வரும். "உன் குடும்பம் நாசமாப் போக" என்று சபிக்க வாய் வராது, அது தன் குடும்பமும்தானே. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தைத் தேய்ப்பாள். ஒரு தடவை தேய்த்த தேய்ப்பில் வாணலியின் பிடியே கழன்று வந்துவிட்டது. அவன் எல்லார் முன்னாலும் அந்த வாயாலேயே, போர்டு போட்டது நீதான் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் அவன் கதறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஸ்லைடு போன் பண்ணினான். குரலில் தேன் ஒழுகியது.

"அக்கா, சௌக்கியமா? ஒரு சின்ன டவுட்டுக்கா. கரண்ட் போனா டிசைன் அழிஞ்சிடுதுன்னு அந்தம்மா கம்ப்ளெயின்ட். அதே காலு, அதே அளவுல கரண்ட் போனாலும் மறக்காத மெமரி ஒண்ணு கிடைக்குது. அதைப் போட்டுடலாம்னு இருக்கேன். ஆனா கொஞ்சம் மெதுவா பதில் சொல்லும், எழுபது நானோ செகண்ட். வெயிட் எத்தனை வெக்கணும்?"

"எட்டு வை. மெஷின் ஓடற கொட்டகை சூடாகிற இடம், ஒன்பது வெச்சா இன்னும் நல்லது."

"தேங்க்ஸ்க்கா. இங்க மேஜையில வெச்சு எழுதிப் பார்த்தேன், படிச்சுப் பார்த்தேன், ஒரு எழுத்து பிசகல. சூப்பரா இருக்கு. இனிமே நாப்பது மெஷின்லயும் ஒவ்வொண்ணா டிசைன் ஏத்த வேண்டாம். ஆபீஸ்லயே சிப்புல எழுதற ரைட்டர் பெட்டி ஒண்ணு வாங்கிட்டோம். மொத்த சிப்பையும் அதுல எழுதி எடுத்துட்டுப் போய் சாக்கெட்டுல சொருகிட வேண்டியதுதான்."

சின்னவளுக்குச் சட்டென்று புரிந்தது. வெளியாள் தட்டு நம்பரைப் பார்த்து டயர் அடுக்கப் போகிறான்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? போர்டுல வேற ஒண்ணும் மாத்த வேண்டாம்ல?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் வீட்டில் ஒருவன் ஏணி போட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"போர்டுல ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றாள்.

அது பொய்யில்லை. போர்டில் மாற்ற ஒன்றுமில்லைதான். மாற்ற வேண்டியது, எழுதப்போகிற ஃபைலை. ஏழு லைனின் கணக்கைச் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு மணி நேர வேலை. மத்தியானம் சோற்றுக்கு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லிடு."

"அவன் கேக்கல."

"அவனுக்குத் தெரியாதே, எப்படிக் கேப்பான்?"

"போர்டு போட்டவனுக்குத் தெரியாதா? அவன் பேருதானே மூலையில இருக்கு. பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துக்கட்டும்."

"நீயும் அந்த மெமரி மாதிரிதான்டி. கேட்டதை மட்டும் குடுக்கிற" என்றார் அவர். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "கரண்ட் போனாலும் மறக்க மாட்டேங்கிற" என்றார். அவள் சிரிக்கவில்லை. முட்டையை உடைத்து அவர் தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதமும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். என்ன களை வந்துவிட்டது உன் முகத்தில் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள்.

ஈயக்கா டீ குடித்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அண்ணனும் அண்ணியும் வந்து நின்றார்கள். அண்ணன் இந்த வீட்டுப் படி ஏறி எட்டு மாதம் இருக்கும். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கையில் ஒரு துணி. விரித்து மேஜைமேல் போட்டான். ஒரு பள்ளிக்கூடப் படகுச் சங்கத்துக்கான சின்னம் அது. நீலமும் வெள்ளையும் சிக்கிக்கொண்டு, ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணி ஓட்டையாகியிருந்தது.

"இதைக் கொஞ்சம் பாரும்மா."

"பார்த்தேன்."

"என்னன்னு தெரியுதா?"

"கப்பல் கவுந்துடுச்சுன்னு தெரியுது."

அண்ணி குறுக்கே புகுந்தாள். "சின்னவளே, வெளையாடற நேரமா இது? என் தம்பி காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. நாளைக்கு வந்து என்ன ஏதுன்னு சொல்லச் சொல்லி அந்தம்மா கெடு வெச்சிருக்கு. இல்லேன்னா முந்நூறு போர்டும் வேற எடத்துக்குப் போயிடுமாம்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும் அண்ணி? நான் ஒத்தாசைக்கு இருக்கிறவ."

"அதென்ன பேச்சு?" என்றான் அண்ணன்.

"நீ சொன்னதுதான். அந்தம்மா வந்த அன்னிக்கு."

"என்னிக்கு? நான் என்ன சொன்னேன்?"

அவன் நடிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தான். அவனுக்கு ஞாபகமே இல்லை. எட்டு மாதம் அவள் சோற்றோடு பிசைந்து சாப்பிட்ட சொல், அவன் வாயிலிருந்து வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கு ஞாபகம் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவளுக்கு அந்த நொடியில் வந்த ஆத்திரம், டீ சொன்ன அன்றுகூட வந்ததில்லை.

"வரேன்" என்றாள். "ஆனா அங்க எல்லார் முன்னாடியும், இந்த போர்டைப் போட்டது யாருன்னு நீ சொல்லணும். உன் வாயால சொல்லணும்."

"அவ்வளவுதானே? சொல்லிட்டாப் போச்சு."

அத்தனை சுலபமாக அவன் ஒப்புக்கொண்டதில் என்னவோ இருக்கிறது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கே கொட்டகை காய்ந்துகொண்டிருந்தது. தகரக் கூரை. இரண்டு வரிசையாக நாற்பது மெஷினும் நின்றுகொண்டிருந்தன. ஓட்டுகிற பெண்கள் தரையில் உட்கார்ந்து, கெட்டுப்போன துணிகளிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன ஊசியால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பி இழுக்க வேண்டும். ஒரு பெண் விரலில் துணி சுற்றிக் கட்டியிருந்தாள். ஈயக்கா தன் பெட்டியோடு சுவரோரம் நின்றாள். ஸ்லைடு நேற்றைய சட்டையிலேயே இருந்தான். கையில் ஸ்லைடு ஒன்றும் இல்லாமல் அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சின்னவள் பாவப்படவில்லை.

முதலாளியம்மா குட்டையான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். "யாரு பேசப் போறீங்க?" என்றாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். தங்கையின் தோளில் கை வைத்து அவளை முன்னால் நகர்த்தினான்.

"அம்மா, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. இந்த போர்டைப் போட்டது என் தங்கச்சிதாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாம் இவ ஒருத்திதான். நாங்க யாரும் அதுல கை வெக்கல. இவ போட்டதை அப்படியே நம்பினோம்."

சொல்லிவிட்டான். அவள் கேட்டபடியே, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னான். கெட்டுப்போன நாற்பது மெஷினுக்கு நடுவில் நிறுத்தி வைத்துச் சொன்னான். தோளில் இருந்த கை தட்டிக்கொடுக்கிற கை இல்லை, பிடித்துக் கொடுக்கிற கை என்று அவளுக்குப் புரிந்தது. பெயர் நன்றாக இருந்தபோது ஸ்லைடுக்கு, நாறிப்போனதும் தங்கைக்கு. நூல் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள். "ஆமா. நான்தான் போட்டேன்" என்றாள். "ஒரு மெஷின் குடுங்க."

சாக்கெட்டில் இருந்த சிப்பைத் தொடக்கூட இல்லை. டிசைன் இருந்த பென் டிரைவை மெஷினில் சொருகி, போர்டைக் கொண்டே அதே சிப்பில் மறுபடி எழுதவைத்தாள். துணியை மாட்டி ஓடவிட்டாள். முதல் தையல், இரண்டாம் தையல், மூன்றாவது. ஊசி தடதடவென்று இறங்கியது. அலை வந்தது, அடிப்பலகை வந்தது, பாய் விரிந்தது. பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

"அதே சிப்புதானே?" என்றாள் முதலாளியம்மா.

"அதே சிப்புதாங்க. ஏழு அட்ரஸ் லைன் இடம் மாத்திப் போட்டிருக்கேன். இந்த போர்டே எழுதி இந்த போர்டே படிச்சா எதுவும் தெரியாது. வெளிய ஒரு பெட்டியில எழுதி எடுத்துட்டு வந்தா வரிசை குலைஞ்சுடும். மொத ரெண்டு தையல் தப்பிக்கும், மூணாவதுலேர்ந்து போச்சு."

"அதான் பார்த்தேன்" என்றாள் முதலாளியம்மா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "கிறுக்கு மாதிரி ஓடி ஓடி, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஊசி சரியான எடத்துல வந்து நிக்குது. எண்ணிப் பார்த்தேன், இருநூத்தி அம்பத்தாறு தையலுக்கு ஒரு தடவை."

சின்னவள் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். பதினொரு மாதம் உழைத்த அவளுடைய வேலையை இப்படி எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. "ஆமாங்க. கலைஞ்சாலும் அந்த இருநூத்தி அம்பத்தாறும் அதே தையல்கள்தான், முன்ன பின்ன வருது. கூட்டிப் பார்த்தா அதே எடம்தான்."

"வரைபடத்துல இது இல்லையே!" என்று ஸ்லைடு கத்தினான். "யாரும் எங்கிட்ட சொல்லலையே!"

"அதைத்தான் கேக்கறேன்" என்றாள் முதலாளியம்மா. அவனைப் பார்க்காமல் சின்னவளைப் பார்த்தே பேசினாள். "இந்தத் தம்பி சிப்பை மாத்தினதும், வெளிய எழுதினதும் உனக்குத் தெரியாது. அப்படித்தானேம்மா? உன்னைக் கேக்காம பண்ணியிருக்காங்க. அப்படின்னா நான் இவங்ககிட்ட ஏன் வாங்கணும்? முந்நூறு போர்டையும் நீயே எனக்கு நேரா பண்ணிக் குடு. மூலையில உன் பேரைப் போட்டுக்கோ."

ஸ்லைடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் பண்ணியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அக்காவிடம் கேட்டேன் என்று எந்த வாயால் சொல்லுவான்? தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயர், வேலை, முந்நூறு போர்டு எல்லாம் அவள் மடியில் வந்து விழும்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெரியாது என்று சொன்னால் இது ஒரு விபத்து. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு, நம்ம நேரம் சரியில்லை என்று அண்ணியிடம் புலம்பிவிட்டுப் படுத்துவிடுவான். ஆறு மாதத்தில் இதையும் மறந்துபோவான். ஒத்தாசையை மறந்த மாதிரியே மறந்துபோவான். தன்னை அடித்தது யார் என்றே அவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

"தெரியும்" என்றாள்.

"என்னது?"

"எல்லாம் தெரியும். ரெண்டு மாசம் முன்னாடியே இவன் போன் பண்ணிச் சொன்னான். இப்படித்தான் ஆகும்னு அப்பவே தெரியும்." முதலாளியம்மாவுக்குப் பதில் சொல்கிறவள், அண்ணனைப் பார்த்தே சொன்னாள். "தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

அண்ணனின் கை கழுத்திலேயே நின்றது. முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. அது விளங்குவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். வாய் திறந்தது. "நீயா?" என்றான் கடைசியில். "நம்ம அம்மா வயித்துல பொறந்துட்டு, நீயா?"

"நான்தான். மறந்துடாதே."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கத்தவில்லை. "உங்க குடும்பத்துச் சண்டைக்கு என் துணிதான் கெடச்சுதா?" என்றாள். விரலில் கட்டுப் போட்டிருந்த பெண்ணைக் காட்டினாள். "ஒடஞ்ச ஊசி அவ விரல்ல ஏறியிருக்கு. உங்களுக்கு இவ மொகம்கூடத் தெரியாது. அண்ணனும் வேண்டாம், தங்கச்சியும் வேண்டாம். ஃபைலைச் சரி பண்ணிக் குடுத்துட்டுக் கெளம்புங்க. முந்நூறு போர்டுப் பேச்சை இனி எடுக்காதீங்க."

ஏழு லைனின் கணக்கை ஒரு அட்டையில் எழுதி, சின்னவள் ஸ்லைடின் முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள். நடை லேசாக இருந்தது. வாசலில் வெயிலுக்குக் கண் கூசியது.

பின்னாலேயே ஈயக்கா வந்தாள். வேகமாக வந்தவள், பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நேத்து நான் வந்து சொன்னப்ப அதுக்குத்தான் சிரிச்சீங்களா?"

"அக்கா, அவன் என்னை என்ன பண்ணினான்னு உனக்கே தெரியும்."

"தெரியும். உங்கண்ணன் பண்ணினது அநியாயந்தான். பதினேழு வருஷமா எனக்குத் தெரியாத அநியாயமா?" ஈயக்காவின் கண்கள் கண்ணாடிக்குப் பின்னால் சிவந்திருந்தன. "நாப்பது போர்டுக்கும் சாக்கெட் வெச்சது நான். சிப்பைச் சொருகினதும் நான். நாங்க பன்னெண்டு பேரு. எங்களை ஒரு தடவையாவது நெனச்சுப் பார்த்தீங்களா?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். நினைத்தேன், ஆனால் என்ன செய்வது என்று ஆரம்பித்திருக்கலாம். அன்றைக்கு அவள் வாயில் பொய் வரவில்லை.

"நெனைக்கல" என்றாள்.

ஈயக்கா தலையை ஆட்டினாள். கணக்குச் சரியாக வந்ததும் ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள்.

"சரிங்க. நான் வரேங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சின்னவள் உட்கார்ந்து கண்ணை மூடி, அண்ணனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கழுத்தில் நின்ற கை, திறந்த வாய், கடைசியில் வந்த அந்த 'நீயா'. சந்தோஷமாக இருந்தது. பொய்யில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தடவை நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை இறுக்க மூடினாள். இந்தத் தடவை அண்ணன் முகம் வரவில்லை. 'வரேங்க' என்ற சத்தம் மட்டும் காதில் கேட்டது. பஸ் அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.